14 நாள் தவணை: எங்கள் ஊர்க் கிளை நூலகம் பற்றி ஒரு மதிப்பீடு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நான் உறுப்பினராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உணவகம், துணிக்கடை, மிக்ஸி என்று எதைப் பற்றியும் மதிப்பீடு எழுதுகிறோம். நம்முடைய வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தைப் பற்றி அப்படி எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாள்தோறும் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு இந்தச் சேவை உண்மையில் உதவுமா என்ற ஒரே கேள்வியை முன்வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். கல்லூரிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாவல் படித்தவள், திருமணம், குழந்தை, விடைத்தாள் கட்டுகள் என்று வந்த பிறகு ஆண்டுக்கு ஒரு நூலைக்கூட முடிக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டேன். முயற்சி செய்யாமல் இல்லை. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒவ்வொரு சனவரியிலும் போய், இரண்டு பை நிறைய வாங்கி வருவேன். அலமாரியில் அடுக்கியவுடன் அவற்றைப் படித்துவிட்டது போன்ற ஒரு நிறைவு வந்துவிடும். அதன்பின் அவற்றைக் கையில் எடுக்க எந்த அவசரமும் இருக்காது. சொந்தப் புத்தகம் எங்கும் போய்விடாது, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற எண்ணமே அதைப் படிக்கவிடாமல் செய்தது. கைபேசிச் செயலிகளிலும் முயன்றேன். ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்குள் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஏதாவது ஒரு தகவல் வந்து கவனத்தைக் கலைத்துவிடும்.

நூலகத்து நூல் அப்படிப்பட்டதன்று. அதன் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு தவணைத் தாள் ஒட்டியிருக்கும். ஊதா மையில், சில நேராகவும் சில சாய்ந்தும், தேதி முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிந்திருக்கும். நான் முதன்முதலில் எடுத்த நூலின் தாளில் 1998, 1999, 2003 என்று தேதிகள் நெருக்கமாக வந்து, 2011 மார்ச்சோடு நின்றுபோயிருந்தன. அதற்கு அடுத்த முத்திரை என்னுடையதுதான். பல ஆண்டுகள் யாரும் தொடாமல் இருந்த ஒரு நூலை நாம் எடுத்து வந்திருக்கிறோம், இன்னும் 14 நாளில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மனத்தில் பதிந்தவுடன், இரவு படுக்கப் போகும்முன் அதை எடுத்துப் பிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த 14 நாள் கணக்கைத்தான் இச்சேவையின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன். 210 பக்கமுள்ள ஒரு நூலை அந்தத் தவணைக்குள் முடிக்க நாளொன்றுக்கு 15 பக்கம் படித்தால் போதும். 15 பக்கம் என்பது யாருக்கும் மலைப்பூட்டும் அளவன்று. எனக்கு அது காலையில் குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் நான்கு பக்கம், மதிய இடைவேளையில் ஐந்து, இரவில் மீதி என்று பிரிந்துவிடுகிறது. வெறுமனே ‘நாள்தோறும் படிப்பேன்’ என்று உறுதி எடுத்துக்கொண்ட காலத்தில் எனக்கு இப்படி ஓர் அளவு இருக்கவில்லை. எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று தெரியாத எந்த வேலையும் நாளடைவில் தள்ளிப்போய்விடும் என்பதை வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியை ஆகிய நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு தவணைகளில் நூலை முடிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதைப் புதுப்பித்து முடித்தேன். ஐந்தாவது தவணை வாக்கில்தான், அதாவது ஏறக்குறைய 70 நாள்கள் கழிந்த பிறகு, நினைவுபடுத்திக்கொள்ளாமலேயே கை நூலைத் தேடத் தொடங்கியது. இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து நடத்தி, 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிய செயல் ஒன்று தானாக நிகழும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆயின என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது என்றும் கண்டார்கள். 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று மேடைதோறும் சொல்லப்படுவதை நம்பி, 22-ஆம் நாள் மனம் உடைந்து போகிறவர்களுக்கு இந்த எண்களைச் சொல்ல விரும்புகிறேன். இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. தேர்வுக் காலத்தில் எனக்கு மூன்று நாள் தொடர்ச்சியாக விட்டுப்போயிருக்கிறது. தவணைத் தேதி இருந்ததால் நான்காம் நாள் மீண்டு வர முடிந்தது.

தேதி முத்திரை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கும் நூலகருக்கும் இதில் பங்குண்டு. முடிக்காத நூலை நான் முதல் தடவை நீட்டியபோது அவர் பக்கங்களுக்கு நடுவில் மறந்துபோய் விட்டிருந்த பேருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்து, “டீச்சர், நாப்பதாம் பக்கத்துலயே நின்னுட்டீங்களே, பிடிக்கலையா?” என்று கேட்டார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. நீளமான நாவல் வேண்டாம், சிறுகதைத் தொகுப்பில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவரே எழுந்து போய் ஒரு தொகுப்பை எடுத்து வந்தார். நாம் எங்கே நின்றுபோனோம் என்று கேட்க ஒரு மனிதர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அன்று உணர்ந்தேன்.

அவர் செய்தது நூலகவியலின் அடிப்படைப் பாடம் என்பது பிறகு தெரிந்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மற்றொன்று. அவரும் முதலில் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் நூலகம் தொடங்கியது. நூலைத் தேடி மக்கள் வருவதற்குக் காத்திராமல், மக்கள் இருக்கும் இடத்துக்கு நூல் போக வேண்டும் என்று எண்ணினார்கள் அதைத் தொடங்கியவர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக வந்த பொது நூலகச் சட்டமும் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததுதான். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து நம்மிடம் வாங்கப்படுகிறது. ஆகவே உறுப்பினராகச் சேராதவரும் இந்தச் சேவைக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அடுக்குகளில் பாதியைப் போட்டித் தேர்வு வழிகாட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேலை தேடும் இளைஞர்களுக்கு அவை தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் புதிய கவிதைத் தொகுப்போ மொழிபெயர்ப்பு நாவலோ வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. எந்த நூல் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று அறிய நூலகரின் நினைவாற்றலைத் தவிர வேறு வழி இல்லை; அவர் விடுப்பில் போனால் வாசகர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு துப்பறியும் நாவலின் கடைசி எட்டுப் பக்கங்கள் கிழிந்திருந்ததை 13-ஆம் நாள் இரவுதான் கண்டுபிடித்தேன். படிப்பதற்கான மேசை ஒன்றே ஒன்று. அதுவும் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களால் நிரம்பிவிடும். மாலை நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து படிக்கத் தனியிடமோ நல்ல வெளிச்சமோ இல்லை. பெரும்பாலான பெண்கள் நூலை வாங்கிக்கொண்டு நின்ற நிலையிலேயே திரும்பிப் போகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் வீட்டில் தனக்கென்று ஒரு நாற்காலி இல்லாத பெண்ணுக்குத்தான் நூலகத்து நாற்காலி மிகவும் தேவைப்படுகிறது.

இதைவிடப் பெரிய நூலகங்கள் நம்மிடம் உண்டு. 2010-இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ஒன்பது தளங்களையும், 2023-இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் போய்ப் பார்த்து வியந்தவள் நான். ஆய்வு செய்பவர்களுக்கும் நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்க வருபவர்களுக்கும் அவை வரப்பிரசாதம். ஆயினும் நாள்தோறும் படிக்கும் பழக்கத்துக்கு, பள்ளி விட்டு வரும் வழியில் பத்து நிமிடம் நின்று நூலை மாற்றிக்கொள்ள முடிகிற இடம் வேண்டும். அந்த வகையில், ஓட்டுக்கட்டடத்தில் இயங்கும் எங்கள் சிறிய நூலகமே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்து முடித்தவை 61 நூல்கள். ஒரு பழைய வகுப்புப் பதிவேட்டின் பின்பக்கங்களில் அவற்றின் பெயரையும் முடித்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சேர விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். எத்தனை நூல் எடுக்கலாம் என்பது கட்டும் காப்புத்தொகையைப் பொறுத்தது. தொகை சிறியதுதான், விலகும்போது அது திரும்பக் கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு நூலுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பேன். இரண்டு இருந்தால் ஒன்று சலிக்கும்போது மற்றொன்றுக்குத் தாவி, இரண்டையும் முடிக்காமல் திருப்பிக் கொடுக்க நேரும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோகும்முன் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிடுங்கள். எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தவணை அன்று முடிவதாக இருந்தால் வியாழன் மாலையே போய்விடுவது நல்லது. இப்போது என் கையில் இருக்கும் நூலுக்கு இன்னும் ஐந்து நாளும் எழுபது பக்கமும் மீதி இருக்கின்றன.