ஓக் மரப்பட்டைச் சாயம் என்று மஞ்சள்தூளை விற்கிறார்கள், கவனம்

பென்சில்வேனியா பக்கம் இருக்கிற நம்மவர்களில் நூலுக்கு வீட்டிலேயே சாயம் போடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இங்கே ஒரு வாரச்சந்தையில் ‘கருப்பு ஓக் உள்பட்டைத் தூள்’ என்று 100 கிராம் 28 டாலருக்கு வாங்கினேன். அக்காவுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன ஆசை. 200 கிராம் கம்பளி நூலைப் படிகாரத்தில் ஊறவைத்துச் சாயம் ஏற்றினேன். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். மூன்று வாரம் உட்கார்ந்து பின்னி முடித்தேன்.

முதல் அலசலில், சோப்பு பட்ட கழுத்துப்பட்டி செங்கல் நிறமானது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருமே, அதே சிவப்பு! மிச்சமிருந்த தூளில் ஒரு சிட்டிகையைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டேன். போட்ட உடனே சிவந்தது. முன்பு நூலுக்குச் சாயம் ஏற்றக் கொதிக்கவைத்தபோதே மஞ்சள் வாசனை வந்தது. நம் அடுப்படியில் எப்போதும் இருக்கிற வாசனைதானே என்று விட்டுவிட்டேன்.

விற்றவரிடம் போய்க் கேட்டால், “இயற்கைச் சாயம் என்றால் நிறம் மாறத்தான் செய்யும், பிரித்த பொட்டலத்துக்குப் பணம் கிடையாது” என்கிறார். ஓக் சாயம் அப்படி மாறாது. கருப்பு ஓக் இந்தக் கிழக்கு அமெரிக்கக் காடுகளின் மரம். வெளிப்பட்டை கிட்டத்தட்டக் கருப்பு, உள்பட்டை ஆரஞ்சு கலந்த மஞ்சள். மருத்துவரும் வேதியியலாளருமான எட்வர்ட் பான்கிராஃப்ட் அந்த உள்பட்டைச் சாயத்துக்குக் குவெர்சிட்ரான் என்று பெயர் வைத்து 1775இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். பருத்தித் துணி அச்சிடுபவர்கள் நூறு வருஷத்துக்கும் மேல் நம்பிப் பயன்படுத்திய சாயம் அது. சோப்புக்கு இப்படிச் சிவக்காது. மஞ்சள்தூள் வெயிலில் வெளுப்பதுபோல அவ்வளவு சீக்கிரம் வெளுக்கவும் செய்யாது.

தூளாக வாங்கவே வாங்காதீர்கள். பட்டைச் சில்லாகக் கேளுங்கள். நார் தெரியும், உள்பக்க நிறமும் தெரியும். கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் சாறு இறக்குங்கள், கொதித்தால் துவர்ப்பு இறங்கி மஞ்சள் பழுப்பாகிவிடும். மலிவாகக் கிடைக்கட்டும் என்று நிற்கிற மரத்தில் சுற்றிலும் பட்டை உரித்தால் மரம் செத்துப்போகும். விழுந்த மரமோ வெட்டிய மரமோ போதும்.

மிச்சத் தூளை ஒரு டப்பாவில் போட்டு, சலவை சோடாவோடு பையில் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை சந்தையில் அந்தக் கடை முன்னால் யார் நின்றாலும் கரைத்துக் காட்டப் போகிறேன்.