புத்தகமா, பயிலரங்கா: ‘கெட்டிங் திங்ஸ் டன்’ முறையைக் கற்ற அனுபவம்

குவியும் வேலைகளை ஒழுங்குபடுத்திச் செய்து முடிப்பதற்கு டேவிட் ஆலன் என்ற எழுத்தாளர் வகுத்த ‘கெட்டிங் திங்ஸ் டன்’ முறையை நான் மூன்று வழிகளில் கற்றிருக்கிறேன்: முதலில் புத்தகம், அடுத்து ஒரு நாள் செமினார், கடைசியாக இரண்டு நாள் பயிலரங்கு. இவற்றுள் எதற்குப் பணமும் நேரமும் செலவிடுவது என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்முறையை அறிந்துகொள்ளப் புத்தகம் போதும். அதைத் தொடங்குவதற்குத்தான் பலருக்கும் இன்னோர் ஆள் தேவைப்படுகிறார். ஆகவே, பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து வரும் செமினாருக்குப் போக வேண்டாம் என்பேன். நம் சொந்த வேலைகளைக் கொண்டுபோய் அங்கேயே அமர்ந்து செய்ய வைக்கும் பயிலரங்கு என்றால் போகலாம்.

முறையைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சிறு விளக்கம். மனத்தில் சுழல்வன அனைத்தையும் வெளியே எடுத்து வைப்பது, ஒவ்வொன்றும் என்னவென்று தெளிவுபடுத்துவது, உரிய பட்டியலில் சேர்ப்பது, பட்டியல்களைத் தவறாமல் சரிபார்ப்பது, அவற்றைக் கொண்டு செயலில் இறங்குவது என்று அது 5 படிகளாக அமைந்தது. 2 நிமிடங்களுக்குள் முடியும் வேலையை அப்போதே முடித்துவிட வேண்டும் என்ற விதி பலருக்கும் தெரியும். அத்தகைய வேலையைக் குறித்துவைத்து நினைவில் தொடர்வதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பது அதன் காரணம். ஆனால் முறையின் உயிர் ‘அடுத்த செயல்’ என்ற கருத்தில்தான் இருக்கிறது. ‘பாஸ்போர்ட்’ என்று எழுதி வைத்தால் அது கவலை. ‘பழைய பாஸ்போர்ட்டை அலமாரியில் தேடுதல்’ என்று எழுதினால்தான் அது செயல்.

2001இல் வெளிவந்த இப்புத்தகம் 2015இல் திருத்திய பதிப்பாக வந்தது. வாங்குவதானால் அதையே வாங்குங்கள். முடிக்காத வேலைகள் மனத்தை ஏன் அரிக்கின்றன என்பதற்கான அறிவியல் பின்னணிக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்றது நன்றாக நினைவில் தங்குகிறது என்று உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை, எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டமாக முடிவுசெய்தாலே அந்த அரிப்பு அடங்குகிறது என்பதை மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் சோதனைகளில் காட்டினார்கள். ஒரு விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரியாவிட்டால் அதை முதல் வாரத்திலேயே கைவிடும் சுபாவம் எனக்கு உண்டு என்பதால், இத்தகைய விளக்கங்களை நிதானமாகத் திரும்பப் படிக்க முடிவதைப் புத்தகத்தின் முதல் நன்மையாகக் கருதுகிறேன். நுணுக்கங்களுக்கும் புத்தகமே இடம். நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12, ஆக 43 கோப்புறைகளை வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் ஒரு தாள் தானாகக் கைக்கு வந்து சேரும்படி செய்யும் ஏற்பாட்டைப் பேச்சில் கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். புத்தகம் அலுப்பூட்டும் இடங்களும் உண்டு: சொன்னதையே சொல்கிறது, கோப்புகளுக்குப் பெயர் அச்சிடும் சிறு இயந்திரத்தின்மீது ஆலனுக்குள்ள பற்று எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

புத்தகம் தோற்கும் இடம் வேறு. முறையைத் தொடங்குவதற்கு அடுத்தடுத்து இரண்டு முழு நாள்களை ஒதுக்குவதே சிறந்தது என்று ஆலன் எழுதுகிறார். அந்த வாக்கியத்தின்கீழ் நான் பென்சிலால் கோடிட்டேன். கோடிட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். புத்தகத்தை முடித்தபோது முறை முழுவதும் கைவசமாகிவிட்டதுபோல் இருந்தது, ஆனால் மேசையில் ஒரு தாள்கூட இடம் மாறவில்லை. திரும்பத் திரும்பப் படிப்பது அப்போதைக்குப் பயன்தந்தாலும், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியிருக்கிறார்கள். அதை அறிந்திருந்தும் நான் புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செயலைத் தள்ளிப்போடுவதற்குப் படிப்பைப்போல் கௌரவமான சாக்கு வேறில்லை.

செமினாரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேசியவர் நன்றாகப் பேசினார், அரங்கம் சிரித்தது. ஆயினும் நாள் முழுவதும் அவர் சொன்னவை யாவும் புத்தகத்தின் முதற்பகுதியான 3 அத்தியாயங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு மாலையில் படித்துவிடக்கூடியவை அவை. கேள்வி நேரத்தில் ஒருவர் தம் அலுவலகத்தில் வந்து குவியும் மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய விஷயம்’ என்ற பதிலோடு அடுத்த பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் அவர் கைக்குப் போனது. புறப்படும்போது உற்சாகம் இருந்தது. அது அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

பயிலரங்கு வேறு வகை. மேசையில் தேங்கிய தாள்களையும் பாதியில் நிற்கும் வேலைகளின் குறிப்புகளையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு பேர்தான். முதல் நாள் காலை முழுவதும் உரை என்று எதுவுமே இல்லை. மனத்திலிருப்பதை ஒரு தாளுக்கு ஒன்றாக எழுதிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். பிற்பகலில் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்ப உள்ளே போடக் கூடாது என்ற விதியோடு அதைக் காலிசெய்யத் தொடங்கினோம். இந்த விதி புத்தகத்திலும் இருக்கிறது; அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தேன். இருந்தும் ‘வரி’ என்று மட்டும் எழுதியிருந்த தாளை, அறியாமலேயே மூன்று முறை அடியில் செருகியிருக்கிறேன். பின்னால் நின்ற பயிற்சியாளர் அதை உருவி என் முன் வைத்து, “இதைச் செய்ய உட்கார்ந்தால் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?” என்று கேட்டார். சென்ற ஆண்டின் கணக்குத் தாள்கள் என்றேன். அவை எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பல மாதங்களாக அந்த வேலை நகராமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் அன்று, தேட வேண்டிய ஒரு பொருளின் இடம் தெரியாமைதான் என்பது அப்போதுதான் விளங்கியது. இதைப் புத்தகம் என்னிடம் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தாலும் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். உள்ளபடி பார்த்தால், அங்கே நான் கட்டணம் கொடுத்து வாங்கியது, புத்தகம் கேட்டும் நான் ஒதுக்காத அந்த இரண்டு நாள்களைத்தான்.

பயிலரங்கிலும் குறை இல்லாமலில்லை. பயிற்சியாளர் தமக்குப் பழகிய ஒரு செயலிக்கு ஏற்றபடியே பட்டியல்களை அமைக்கச் சொன்னதால், காகிதத்தில் எழுதுபவர்கள் திணறினார்கள். அன்றாட வேலையிலிருந்து வாழ்க்கையின் நோக்கம் வரை ஆலன் வகுக்கும் 6 தளங்கள் கடைசி அரைமணியில் அவசரமாகக் கடந்துபோயின. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியல்களை வாரம் ஒருமுறை சரிபார்ப்பது என்ற, முறையின் அச்சாணியான வாராந்தர மறுபார்வையை இரண்டே நாளில் பழக்க யாராலும் முடியாது. அதற்குப் பக்கத்து இருக்கைக்காரரோடு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்வது என்று நாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடுதான் உதவியது.

சொன்ன நாளில் சொன்ன வேலையை யாரும் கேட்காமலே செய்துவிடக்கூடியவர் நீங்கள் என்றால், பயிலரங்குக் கட்டணத்தை மிச்சப்படுத்திவிட்டு, புத்தகம் வாங்கிய அன்றே நாள்காட்டியில் இரண்டு நாள்களை அடைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை படித்தும் தொடங்காதவர் என்றால் மீண்டும் படிக்க வேண்டாம், பயிலரங்குக்குப் போங்கள். பதிவுசெய்வதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை பேர் இருப்பார்கள், நம் சொந்த வேலைகளைக் கொண்டுவர வேண்டுமா, மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் பேச்சுக்குப் போகும். மூன்றாவது கேள்விக்குப் பாதிக்கு மேல் என்று பதில் வந்தால் அது செமினார்தான், பெயர் என்னவாக இருந்தாலும். போவது என்று முடிவானால், முதல் 3 அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். மீதியைத் திரும்பி வந்த பிறகு படித்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுத்துக்காட்டாக உங்கள் பெட்டியிலிருந்தே ஒரு தாள் இருக்கும்.