சின்ன அமைப்புக்குக் கிராண்ட்: ட்ரில்லியமா, ஒட்டாவாவா, ஊர் அறக்கட்டளையா?

ரொறன்ரோவில் ஒரு சின்ன முதியோர் மன்றத்துக்கு ஏழு வருடமாக நிதி விண்ணப்பம் எழுதி வருகிறேன். சம்பளத்துக்கு இல்லை. வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதுதான். ஸ்காபரோவில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, எங்கட சங்கத்துக்கும் ஒரு கிராண்ட் எடுக்க வேணும், எங்கே போடுறது?" என்று கேட்பார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "ட்ரில்லியத்துக்குப் போடலாம்தானே, அவைதானே கூடக் குடுக்கினம்" என்பார். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், அதாவது முதல் வருடத்திலேயே வேண்டாம். ஏன் என்று நின்ற நிலையில் ஐந்து நிமிடத்தில் விளக்க முடிவதில்லை, அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகள் தட்டக்கூடிய முக்கியமான கதவுகள் மூன்று. மாகாண அரசின் ஒன்ராறியோ ட்ரில்லியம் அறக்கட்டளை, ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் நியூ ஹொரைசன்ஸ் என்னும் முதியோர் திட்டம், அப்புறம் ஆங்கிலத்தில் கொம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்று சொல்லப்படும் ஊர் அறக்கட்டளை. நன்கொடை திரட்டிச் சேவை நிறுவனங்களுக்குக் கொடுக்கும் யுனைட்டெட் வே என்ற அமைப்பையும் சிலர் கேட்பார்கள். அங்கே பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ளே இருக்கும் சேவை நிறுவனங்களுக்குப் பல வருட உடன்படிக்கையாகப் போகிறது, புதிதாக வரும் சின்னச் சங்கம் அங்கிருந்து தொடங்குவது கடினம். அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் மிகக் குறைவாகத் தெரிந்து வைத்திருப்பது ஊர் அறக்கட்டளையைத்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். ஒரு நகரத்திலோ மாவட்டத்திலோ வாழ்கிறவர்கள் கொடுக்கும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, முதலைத் தொடாமல் முதலீடு செய்து, வருகிற வருமானத்தை அதே ஊரின் பொதுப்பணிக்குக் கொடுப்பதுதான் இதன் வேலை. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் முதலாவது தொடங்கியது. கனடாவில் முதலாவது வின்னிபெக்கில், 1921இல், தனியார் வங்கி நடத்திய வில்லியம் அல்லோவே கொடுத்த 1,00,000 டொலரில். மூன்று வருடம் கழித்து அங்கே ஒரு கடித உறை வந்தது, உள்ளே மூன்று ஐந்து டொலர் தங்கக் காசுகள், 'விதவையின் காசு' என்று ஒரு குறிப்பு, பெயர் இல்லை. இந்தப் பதினைந்து டொலரும் அந்த ஒரு லட்சத்துடன் ஒரே முதலில் சேர்ந்தது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நமக்கும் இது புதிய விஷயம் இல்லை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுத்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று சோழர் காலத்தில் கல்லில் வெட்டி வைத்தார்களே, அதே கணக்குத்தான். மந்தை குறையக்கூடாது, நெய் மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இன்று கனடாவில் இருநூறுக்கு மேற்பட்ட ஊர் அறக்கட்டளைகள் இருக்கின்றன. ரொறன்ரோ ஃபவுண்டேஷன் 1981இல் தொடங்கியது.

இந்த ஆட்டுக்கணக்கு புரிந்தால் ஒன்று தெளிவாகும்: அங்கே முதல் பெரிதாக இருந்தாலும் கொடுக்கிற கை அளவானது. 2023இலிருந்து நடைமுறையில் உள்ள வரிச் சட்டத்தின்படி, முதலீடாக வைத்திருக்கும் சொத்தில் முதல் ஒரு மில்லியனுக்கு 3.5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 5 சதவீதமும் ஒவ்வொரு வருடமும் பொதுப்பணிக்குச் செலவாக வேண்டும். இருபது மில்லியன் டொலர் வைத்திருக்கும் ஒரு சிறுநகர அறக்கட்டளை என்றால் 9,85,000 டொலர். அதுவும் முழுவதும் உங்கள் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கும் பணம் இல்லை. பணத்தை வைத்த குடும்பங்களே 'இந்த வருடம் இன்ன அமைப்புக்கு' என்று பரிந்துரைக்கும் நிதிகள் உண்டு, டோனர் அட்வைஸ்ட் ஃபண்ட் என்பார்கள். கொடுத்தவர் வரிச் சான்றிதழை அன்றே வாங்கிவிடுவார், பணம் எங்கே போக வேண்டும் என்பதைப் பிறகு ஆறுதலாகச் சொல்வார். பெரிய நகர அறக்கட்டளைகளில் இந்த வகைப் பணம்தான் கூட. இதற்குப் படிவமும் கிடையாது, கடைசித் திகதியும் கிடையாது. அறக்கட்டளையில் வேலை செய்கிற அதிகாரிக்கு உங்கள் அமைப்பைத் தெரிந்திருந்தால், முதியோர் தனிமை பற்றி அக்கறையுள்ள ஒரு குடும்பம் வந்து கேட்கும்போது உங்கள் பெயர் அவர் வாயில் வரும், தெரியாவிட்டால் வராது.

ஆகவே ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கதவு: எல்லோருக்கும் பொதுவான போட்டி ஒன்று, தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும் வழி ஒன்று. பொதுப் போட்டியில் தோற்றாலும் அதன் மூலம் இரண்டாவது கதவுக்கு அறிமுகமாகலாம். மற்ற இரண்டு இடத்திலும் இது இல்லை.

இனி ட்ரில்லியம். 1982இல் தொடங்கிய மாகாண அரசு நிறுவனம், பெயர் ஒன்ராறியோவின் மாகாணப் பூவின் பெயர். புதிய முயற்சி ஒன்றைச் செய்து பார்க்க சீட் என்ற பிரிவில் 1,00,000 டொலர் வரை, ஏற்கெனவே நன்றாக நடக்கும் திட்டத்தை விரிவாக்க க்ரோ என்ற பிரிவில் இரண்டு மூன்று வருடத்துக்கு அதைவிடப் பல மடங்கு, கட்டடம் திருத்தவும் உபகரணம் வாங்கவும் கப்பிட்டல் என்று தனிப்பிரிவு. தொகையில் மற்றவை இதற்குக் கிட்டவும் வராது. வருமான வரித்துறையில் அறநிறுவனமாகப் பதிந்தால் கிடைக்கும் அறப்பணி எண் இல்லாமல், இலாப நோக்கற்ற சங்கமாக மட்டும் பதிவுசெய்த அமைப்பும் நேரடியாகப் போடலாம், இது பெரிய வசதி. விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களில் அந்தந்தப் பகுதியின் தொண்டர் குழுக்களும் உண்டு என்பதும் நல்ல விஷயம்.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்கே அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விளைவுகளில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதை எப்படி அளப்பீர்கள் என்று எண்ணோடு சொல்ல வேண்டும். இயக்குநர் சபை எப்படி அமைந்திருக்கிறது, ஒரே குடும்பத்தவர் கூடுதலாக இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நிதி அறிக்கை ஒழுங்காக இருக்க வேண்டும். சமய நிகழ்வுக்குப் பணம் கிடையாது, ஆகவே கோயில் மண்டபத்தில் நடக்கிற யோகா வகுப்பு எல்லோருக்கும் திறந்தது என்று காட்ட வேண்டும். இவை எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் வருடம் எட்டாயிரம் டொலரில் நடக்கும் ஒரு சங்கத்தின் கையில் திடீரென எண்பதாயிரம் வந்தால், அதைச் செலவழித்துக் கணக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சங்கத்தில் இல்லை. பொருளாளர் அண்ணை பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருக்கிறார். அவர் நேர்மையில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை, அந்த ரின்னை வைத்துக்கொண்டு ட்ரில்லியத்தின் இறுதி அறிக்கையை எழுத முடியாது, அவ்வளவுதான்.

நியூ ஹொரைசன்ஸ் இதற்கு நேர் எதிர். 2004இல் வந்த திட்டம், சமூக மட்டத்தில் ஒரு அமைப்புக்கு 25,000 டொலர் வரை, இன்னும் சின்னதாக 5,000 வரையும் ஒரு பிரிவு இருந்திருக்கிறது. முதியவர்களே முன்னின்று நடத்த வேண்டும், அல்லது திட்டம் அவர்களிடமிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் உயிரான நிபந்தனை. தொண்டு, அனுபவத்தைப் பகிர்தல், முதியோர் துன்புறுத்தலைத் தடுத்தல், தனிமையைக் குறைத்தல், உபகரணம் என்று நோக்கங்கள் தெளிவாக இருக்கும். கதிரை வாங்கலாம், சமையலறை அடுப்பு மாற்றலாம். எங்கள் அம்மாமார் இருபத்திரண்டு பேர் கைத்தொலைபேசியில் வீடியோவில் கதைக்கப் பழகியதும், கோவிட் காலத்தில் அது ஒன்றுதான் அவர்களுக்குத் துணையாக இருந்ததும் இந்த மாதிரிச் சின்னப் பணத்தில்தான். குறை என்ன என்றால், வழக்கமாக நடக்கிற வேலைக்கு மறுபடி மறுபடி தரமாட்டார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு திட்டம் சொல்ல வேண்டும். வருடம் ஒரு அழைப்புத்தான், தவறவிட்டால் அடுத்த வருடம்தான். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு உட்கார்ந்து கதைக்க அங்கே பெரும்பாலும் ஆள் இல்லை. முதியோர் இல்லாத அமைப்புக்கு, உதாரணமாகப் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு, இந்தக் கதவே கிடையாது.

ஊர் அறக்கட்டளைக்குப் போனால் எல்லோரும் முட்டுகிற சுவர் அறப்பணி எண். கனடாவில் பல அறக்கட்டளைகள் வருமான வரித்துறையில் பதிவுபெற்ற அறநிறுவனங்களுக்கே கொடுத்துப் பழகியவை. உங்களிடம் அந்த எண் இல்லை என்றால் வழி மூன்று. நீங்களே பதிவது நீண்ட வேலை, அதன் பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஆறு மாதத்துக்குள் டி3010 என்ற அறிக்கையைக் கொடுக்கத் தவறினால் பதிவே போய்விடலாம். இரண்டாவது, எண் உள்ள ஒரு நிறுவனத்தின் குடைக்குள் நிற்பது. அவர்கள் பொறுப்பேற்று, நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் திட்டத்துக்குச் செலவழிப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் நடைமுறையில் சரிவந்தது. மூன்றாவது வழி புதியது: 2022 ஜூனில் வருமான வரிச் சட்டம் மாறி, அறநிறுவனமாகப் பதியாத அமைப்புக்கும் ஒரு அறநிறுவனம் நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று வந்தது, அந்தப் பணம் அறப்பணிக்கு மட்டுமே போகிறது என்பதற்கு அவர்கள் ஆதாரம் வைத்திருந்தால் போதும். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக எல்லா அறக்கட்டளையும் அப்படிக் கொடுப்பதில்லை, ஆதாரம் சேர்க்கிற வேலை அவர்கள் தலையில்தானே விழுகிறது. ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தொலைபேசி எடுத்து, "எங்களுக்கு எண் இல்லை, நீங்கள் எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் நீங்களே பார்க்கவும் முடியும். இந்த ஒரு தகவலுக்காக எனக்கு யாராவது ஏழு வருடத்துக்கு முன் தொலைபேசி எடுத்திருக்கலாம் என்று நினைப்பதுண்டு. ஒவ்வொரு அறநிறுவனத்தின் டி3010உம் வருமான வரித்துறையின் தளத்தில் யாரும் பார்க்கக் கிடக்கிறது, எந்தெந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலும் அதோடு இருக்கிறது. பதிவில்லாத அமைப்பு ஒன்றுக்கு 5,000 டொலருக்கு மேல் கொடுத்திருந்தால் அதற்கும் தனிப் படிவம் உண்டு. ஒரு மாலை நேரம் போதும். எல்லாம் மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்குமாகப் போயிருந்தால் அந்த அறக்கட்டளையை விட்டுவிடுங்கள். உங்களைப் போன்ற நாலு சின்னச் சங்கங்களின் பெயர் இருந்தால், அந்தத் தொகைகளைப் பார்த்து, அதே அளவில் கேளுங்கள். ஐயாயிரம் கொடுக்கிற இடத்தில் நாற்பதாயிரம் கேட்டு எழுதிய விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன், நல்ல எழுத்து, வீணாய்ப் போனது.

இன்னொன்று, ஊர் அறக்கட்டளைகள் தங்கள் நகரம் எப்படி இருக்கிறது என்று வைட்டல் சைன்ஸ் என்ற அறிக்கை வெளியிடுகின்றன, 2001இல் ரொறன்ரோவில் தொடங்கியது. உங்கள் தேவையை எழுதும்போது அவர்களின் அந்த அறிக்கையிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள். அவர்கள் ஏற்கெனவே நம்புகிற எண்ணை அவர்களுக்கு மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

எழுதுகிற வேலையையும் ஒப்பிட வேண்டும். ட்ரில்லியத்துக்கு எனக்கு ஆறு வார இரவுகள் போயின. நியூ ஹொரைசன்ஸ் இரண்டு வாரம். ஊர் அறக்கட்டளைக்கு நாலு பக்கக் கடிதம் போலத்தான், ஆனால் அதற்கு முன் இரண்டு மூன்று தடவை நேரில் கதைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பணம் வந்த பிறகும் வித்தியாசம் உண்டு. அரசுப் பணத்தில் பேருந்துக் காசென்று ஒதுக்கியதைத் தேநீருக்கு மாற்ற வேண்டுமானால் எழுதி அனுமதி கேட்க வேண்டும். ஊர் அறக்கட்டளையில் ஒரு மின்னஞ்சலோடு முடிந்தது.

எனவே என் வரிசை இது. முதியோர் இருந்தால் முதலில் நியூ ஹொரைசன்ஸ், அதில் ஒரு வருடம் ஒழுங்காகக் கணக்கு எழுதிப் பழகுங்கள். அதே வருடத்தில், பணம் கேட்காமல், ஊர் அறக்கட்டளையின் அதிகாரி ஒருவரை உங்கள் நிகழ்ச்சிக்கு அழையுங்கள். ஒரு சனிக்கிழமை வந்து அம்மாமாரோடு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அடுத்த வருடம் அங்கே போடுங்கள். ட்ரில்லியம் மூன்றாவது வருடம், அப்போது காட்டுவதற்கு உங்களிடம் இரண்டு வருட நிதி அறிக்கை இருக்கும். முதியோர் இல்லாத அமைப்பு என்றால் நேராக ஊர் அறக்கட்டளை.

நாங்கள் முதன்முதலில் ஒரு அறக்கட்டளைக்குப் போட்டது கிடைக்கவில்லை. இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது, நான் அன்று இரவு அழுதேன். ஒரு வாரம் கழித்துத் துணிந்து தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் எங்கள் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சொன்னார். விவரிப்பில் 14 வாரம் என்று எழுதியிருக்கிறேன், வரவுசெலவில் பேருந்துக் காசு 22 பேருக்கு, ஆளுக்கு 5 டொலர் வீதம், 12 வாரத்துக்கு 1,320. இந்த 220 டொலர் வித்தியாசத்தைப் பார்த்த குழுவுக்கு, மற்ற எண்களையும் இவர்கள் சரிபார்க்கவில்லையோ என்ற எண்ணம் வந்துவிட்டதாம். பிறகு அவர், "அடுத்த சுற்றுக்கு முன் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அனுப்பினேன். 14ஐ இரண்டு இடத்திலும் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சரிபார்த்த பிரதி இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.