ஏழு வருஷம், எட்டு அங்குலம், எந்தக் கூட்டம்?

2018 தீபாவளிக்கு வாங்கிய 8 அங்குல (மிரரின் விட்டம்) டாப்சோனியன், அதாவது பெட்டிமேல் வைத்துக் கையால் திருப்பும் டெலஸ்கோப்புக்கு ஏழு வயது ஆகிவிட்டது. குடியிருப்பு, காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை (வீடு). பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மிச்சத்தை யாரும் படிக்க மாட்டீர்கள்.

எங்கள் பக்கம் புது ஆளைப் பார்த்தால் "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று குலப்பிரிவைக் கேட்டுத்தான் பேச்சு தொடங்கும். வானம் பார்க்கிறவர்களும் அப்படித்தான். குழாயைக் களத்தில் இறக்கி வைத்ததும் எல்லார் கண்ணும் ஸ்டிக்கருக்குப் போகும். எங்கள் குழுவில் ஒருவர் செலஸ்ட்ரான் கட்சி, இன்னொருவர் ஸ்கைவாட்சர் கட்சி. உச்சியில் இருந்த வியாழன் மேற்கே சாயும்வரை சண்டை போட்டிருக்கிறார்கள். ஸ்கைவாட்சரை வைத்திருக்கும் சின்டா நிறுவனம்தான் 2005-இல் செலஸ்ட்ரானையும் வாங்கியது என்று ஒரு நாள் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப ரெண்டும் பங்காளிங்களா?"

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் "பங்காளின்னா சண்டை இருக்கத்தானே செய்யும்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாமவர் டகஹாஷிக்காரர், அது விலையுயர்ந்த ஜப்பான் பிராண்ட். அதில் நிலாவைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பனி இறங்கும் என்று ஒன்பதரைக்கே நகையை லாக்கரில் வைப்பதுபோலப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

இதில் வேடிக்கை, டாப்சோனியன் என்ற அமைப்பையே பரப்பியவர் ஒரு துறவி. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் இருந்த ஜான் டாப்சன், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து மிரர் ஆக்கினார். அட்டைக் குழாய், பிளைவுட் பெட்டி, அவ்வளவுதான். காப்புரிமை எடுக்கவில்லை. அவர் பெயரில்தான் இத்தனை ஸ்டிக்கரும்!

சரி, என் சரக்குக்கு வருவோம். குவியத் தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120. ஏழு வருஷத்தில் 200 மடங்குக்கு மேல் போட்டுப் பயன்பட்ட இரவுகளை விரல்விட்டு எண்ணலாம். மடங்கு கூடக்கூட, கொதிக்கிற சாம்பாருக்குள் கிடக்கும் பருப்பு மாதிரி கிரகம் ஆடும். பங்குனி, சித்திரையில் தெற்கே ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, கோலமாவைக் கொட்டினாற்போல் இருக்கும். ஐரோப்பாவில் பெரும்பகுதிக்கு அது உதிப்பதே இல்லை. நமக்கு அட்சரேகை கொடுத்த சலுகை இது, எந்தக் கம்பெனியும் கொடுத்ததல்ல.

குறைகள்? எடை ஒரு சிப்பம் அரிசி, அதாவது 25 கிலோ. அடிப்பெட்டியின் துகள் பலகை இரண்டாவது ஐப்பசியிலேயே ஈரத்தில் உப்பிவிட்டது. விற்றவரைக் கேட்டேன், "தண்ணி படாம வெச்சுக்கோங்க" என்றார். தச்சர் ஒருவர் மரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்து கொடுத்தார். ஃபைண்டர், அதாவது குறிபார்க்கக் குழாய்மேல் இருக்கும் குட்டி டெலஸ்கோப்பின் மரை போன திருகுக்கு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். இப்போது டெலஸ்கோப்பில் உருப்படியான பாகங்கள் எல்லாம் கோயமுத்தூர் தயாரிப்பு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குழாயைத் தொட்டில் ஆட்டும், மேகமும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் ஃபைண்டருக்குள் குளவி கூடு கட்டுகிறது. பக்கத்தில் வைத்திருந்த நண்பரின் விலையுயர்ந்த ஃபைண்டரிலும் கட்டியது. குளவி ஸ்டிக்கர் பார்ப்பதில்லை.

கொலிமேஷன், அதாவது மிரர்களை நேர்படுத்துவது, பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

2025 கார்த்திகையில் அப்பாருக்கு (தாத்தாவுக்கு) சனியைக் காட்டினேன். வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, கோடாக மெலிந்திருந்த சமயம். ஸ்டூலில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஊசியில குத்துன நெல்லிக்காயாட்டம் இருக்குது" என்றார். பிறகு குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எத்தன ஹெச்.பி., கண்ணு?"