எம்.பி.பி.எஸ். படிக்கக் கடன்: வங்கியா, தனியார் நிறுவனமா, வீட்டுப் பத்திரமா?

கல்விக் கடன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்றுதான். மூன்று, நான்கு வருடப் படிப்புக்கு அந்தக் கேள்வியை வைத்தே ஓரளவு முடிவெடுத்துவிடலாம். எம்.பி.பி.எஸ். கணக்கு வேறு. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் வேலை, அதற்கப்புறம் வங்கி தரும் ஒரு வருட அவகாசம். முதல் தவணை கட்டத் தொடங்குவதற்குள் ஆறரை வருடம் ஓடிவிடும். அந்த ஆறரை வருடமும் வட்டி எப்படி ஏறுகிறது, குடும்பம் மாதாமாதம் ஏதாவது கட்ட வேண்டுமா, எந்தச் சொத்து அடமானத்தில் கிடக்கிறது: கடன்களை இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அரை சதவீத வட்டி வித்தியாசமெல்லாம் அப்புறம்.

தமிழ்நாட்டில் நீட் எழுதி இடம் பிடித்திருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கடன் தேவைப்படாதவர்கள்

2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பதற்றத்தில் இவர்களும் வங்கிக்கு ஓடுவதுண்டு. முதலில் கல்லூரி அலுவலகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில்தான் இருக்கும். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சின்னக் கடன் போதும், அதற்குப் பத்திரம் கேட்க மாட்டார்கள்.

சிக்கல் தனியார் கல்லூரியில்தான். கட்டண நிர்ணயக் குழு 2022-23-க்கு வகுத்தபடி, சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 4.35 முதல் 4.5 லட்சம் ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 13.5 லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் சேரும் ஆண்டின் தொகையைப் போட்டு, கீழே உள்ள கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

அரசு வங்கியில் பத்திரம் இல்லாமல்

வங்கிகள் பின்பற்றும் பொதுத் திட்டத்தில் 7.5 லட்சம் என்பதுதான் முக்கியமான கோடு. அதுவரை பத்திரமும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ உடன் கையெழுத்துப் போட்டால் போதும். கடன் வாராக் கடனானால் அதில் 75 சதவீதத்துக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி பொறுப்பேற்கிறது. 4 லட்சத்துக்கு மேல் போனால் செலவில் 5 சதவீதத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும்.

அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இந்த 7.5 லட்சம் இரண்டு வருடம்கூடத் தாங்காது. "முதலில் இதை வாங்கிக்கொள்வோம், மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆரம்பிப்பவர்கள், மூன்றாம் வருடக் கட்டண நாள் நெருங்கும்போது எந்த வட்டிக்கும் தலையாட்டும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத்தான் முதலிலேயே ஒப்புதல் கேட்க வேண்டும். பணம் வருடா வருடம்தான் கல்லூரிக்குப் போகும், விடுவித்த தொகைக்கு மட்டும்தான் வட்டி.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தக் கோட்டைத் தாண்டுகிறது. கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருந்து, தகுதி அடிப்படையில் இடம் கிடைத்திருந்தால், முழுக் கட்டணத்துக்கும் சொத்து அடமானமோ ஜாமீனோ இல்லாமல் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, அவகாசக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் அதுவும் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான். வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்படிப்புகளுக்கு அந்தக் கால வட்டி முழுவதையுமே அரசு கட்டும் திட்டம் தனியாக இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் இருந்தவை தேசிய தரவரிசையை ஒட்டித் தேர்ந்த 860 நிறுவனங்கள். புதுச்சேரி ஜிப்மரோ வேலூர் சி.எம்.சி.யோ அப்படிப்பட்ட தரவரிசையில் மேலே இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அங்கெல்லாம் கட்டணமே குறைவு. கட்டணம் நெரிக்கிற சுயநிதிக் கல்லூரிகளில் பல இதில் வராது. அதனால் கலந்தாய்வில் கல்லூரி வரிசையைப் பூட்டுவதற்கு முன்பே இந்தப் பட்டியலைப் பாருங்கள். சேர்ந்தபின் பார்த்துப் பயனில்லை.

கிளையில் நடப்பது வேறு. "எங்க ஏரியா இல்லையே, காலேஜ் பக்கத்து பிராஞ்சுல கேளுங்க" என்பார்கள். கல்லூரிப் பக்கத்துக் கிளையில் போய்க் கேட்டால் "அப்பா அம்மா இருக்கிற ஊர்ல கேளுங்க" என்பார்கள். வாய்வார்த்தையாக எதையும் முடிக்காமல் இணையதளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணோடு போனால் பேச்சு மாறும். மறுப்பதானால் மேல் அலுவலகத்தின் சம்மதத்தோடு, காரணம் சொல்லித்தான் மறுக்க வேண்டும். பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இடையில் வரும். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அப்பாவின் பழைய வண்டிக் கடன் பாக்கியைக் காட்டி வங்கி மறுத்தால் அந்தத் தீர்ப்பு அவ்வளவாக உதவாது. அந்தப் பாக்கியை முன்கூட்டியே அடைத்து, வங்கியிடம் கடிதம் வாங்கிவிடுவது நல்லது.

அரசு வங்கியில் பத்திரம் கொடுத்து

சுயநிதிக் கல்லூரியில் சேரும் நடுத்தரக் குடும்பத்துக்கு என் பார்வையில் இதுதான் முதல் தேர்வு. காரணம் கணக்கில் இருக்கிறது. ஆண்டுக்கு 4.5 லட்சம் வீதம் ஐந்து தவணை, மொத்தம் 22.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம் (கடைசித் தவணை பாதியாக இருக்கலாம், எளிமைக்காக முழுதாகவே எடுத்துக்கொள்கிறேன்). வட்டி 10 சதவீதம். படிப்பும் அவகாசமும் முடியும்வரை வங்கி போடுவது தனி வட்டி. ஆறரை வருட முடிவில் சேரும் வட்டி சுமார் 10 லட்சத்து 12 ஆயிரம். அசலோடு சேர்த்து 32.6 லட்சம். அதை 15 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 35,000. ஒரு மருத்துவரால் கட்டக்கூடிய தொகைதான், முதல் சில வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கின்றன. முதல் வருடம் மாதம் 3,750 ரூபாய், ஐந்தாம் வருடத்தில் 18,750 வரை போகும். முடிந்தவரை கட்டுங்கள், முடியாவிட்டாலும் கடன் கெட்டுப்போகாது. வங்கிக் கடனின் அழகே இந்த "முடியாவிட்டாலும்"தான்.

இன்னொன்று, முதுநிலைப் படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு தவணை கட்டும் சம்பளத்துக்குப் போகிறவர்கள் குறைவு. பாதிப் பேர் முதுநிலை நீட்டுக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். பொதுத் திட்டத்தில் மேல்படிப்புக்குக் கூடுதல் கடன் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, வேலை இல்லாத காலத்துக்கு இடையில் ஆறு மாத அவகாசம் கேட்கவும் வழி இருக்கிறது. ஒப்புதல் கடிதத்தில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

பத்திரம்தான் தலைவலி. வங்கி வக்கீல் மூலப் பத்திரத்திலிருந்து ஆரம்பிப்பார். வீடு தாத்தா பெயரில் இருக்கும், பட்டா அப்பா பெயரில் இருக்கும், வாரிசுச் சான்றிதழில் திருப்பூரில் இருக்கும் அத்தையின் பெயரும் இருக்கும். இருபது வருடம் பேச்சுவார்த்தை இல்லாத அத்தையிடம் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். நிலம்தானே, இரண்டு ஏக்கர் புஞ்சை இருக்கிறதே என்றால், விவசாய நிலத்தை வங்கிகள் விரும்புவதில்லை. கடன் நின்றால் நீதிமன்றம் போகாமல் சொத்தைக் கையகப்படுத்த உதவும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதுதான் காரணம். வில்லங்கச் சான்றிதழ், வக்கீல் கருத்து, மதிப்பீட்டு அறிக்கை, அடமானப் பதிவு என்று எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். நீட் முடிவுக்குக் காத்திருக்காமல், தேர்வு எழுதிய மறுவாரமே வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

தனியார் நிதி நிறுவனங்கள்

கிரெடிலா, அவான்ஸ், ஆக்சிலோ போன்றவை கல்விக் கடனையே தொழிலாகச் செய்பவை. வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள், சில நாட்களில் ஒப்புதல் தருவார்கள். வங்கி முகம் சுளிக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் கடன் தருவார்கள். அத்தை கையெழுத்துத் தேவைப்படாத கடனும் உண்டு, அப்பாவின் சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ பலமாக இருந்தால். இந்த வேகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

விலையைப் பார்ப்போம். வட்டி பொதுவாக வங்கியைவிட இரண்டு, மூன்று சதவீதம் அதிகம். செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் தனி. காப்பீட்டையும் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆனால் மருத்துவ மாணவருக்கு உண்மையில் கடிப்பது வேறு: படிக்கும்போதே வட்டியையோ அதில் ஒரு பகுதியையோ மாதாமாதம் கேட்பது. அதே 22.5 லட்சத்துக்கு 12 சதவீதத்தில், முதல் வருடம் மாதம் 4,500. இரண்டாம் வருடம் 9,000. அப்புறம் 13,500, 18,000, ஐந்தாம் வருடத்திலிருந்து 22,500. மாதம் 50,000 சம்பளம் வாங்கும் வீட்டில், தங்கையும் கல்லூரிக்குப் போகும் அந்த ஐந்தாம் வருடத்தை நினைத்துப் பாருங்கள்.

கட்டாமல் விட அனுமதிக்கும் கடனிலும் வட்டி மாதாமாதம் அசலில் ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் ஆறரை வருட முடிவில் நிற்பது சுமார் 39 லட்சம். வங்கிக் கணக்கைவிட ஆறரை லட்சம் கூடுதல். அதை அதே 15 வருடத்தில் கட்டினால் மாதம் 47,000 பக்கம் வரும். பத்து வருடம்தான் தருவார்கள் என்றால் 56,000.

வட்டி மாறும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. 2025-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. ரெப்போவோடு கட்டிய வங்கிக் கடன்களில் வட்டி தானாக இறங்கியது. நிதி நிறுவனங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன, அது இறங்க அவர்கள் மனம் இறங்க வேண்டும்.

நகையும் வீட்டு அடமானமும்

நகைக் கடனை ஒரே ஒரு வேலைக்குச் சிபாரிசு செய்வேன். இடம் ஒதுக்கியதும் சேர்வதற்குச் சில நாட்கள்தான் தருவார்கள், அதற்குள் எந்த வங்கியும் பத்திரம் பார்த்து முடிக்காது. முதல் வருடக் கட்டணத்தை நகையை வைத்துக் கட்டிவிட்டு, கல்விக் கடன் வந்ததும் மீட்கலாம். கட்டிய கட்டணத்தை ரசீது காட்டினால் திருப்பித் தருவார்களா என்று வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வருடமும் நகையிலேயே ஓட்ட நினைத்தால், பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். ஒரு வருடம் தவறினால் ஏல நோட்டீஸ்.

வீட்டு அடமானக் கடனில் கல்லூரி எது, ஒதுக்கீடு எது என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அடுத்த மாதமே தவணை ஆரம்பம். பத்திரத்தை எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஆறரை வருட அவகாசம் தரும் கல்விக் கடனுக்கே கொடுக்கலாமே. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் வரை வருமானத்தில் கழிவும் உண்டு.

பலர் கேட்காமலே விடுவது டாம்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கான டாப்செட்கோ போன்ற அரசுக் கழகங்களின் கல்விக் கடன். சிறுபான்மையினருக்கான டாம்கோவின் ஒரு திட்டத்தில் வட்டி 3 சதவீதம்தான். வருமான வரம்பு உண்டு, நிதி குறைவு, நடையும் அதிகம். இருந்தாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்காமல் 12 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடுவது அநியாயம்.

எந்த இடத்துக்கு எது

அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் பத்திரத்தோடு அரசு வங்கி. பத்திரம் சிக்கலில் இருந்தால் 7.5 லட்சம் வங்கியில், மீதிக்கு நிதி நிறுவனம், பத்திரம் சரியானதும் மொத்தத்தையும் வங்கிக்கு மாற்றுவது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. நிர்வாக ஒதுக்கீடு என்றால் மொத்தம் 67 லட்சத்தைத் தாண்டும். அதில் பாதியாவது கையில் இல்லாமல் கடனை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நிகர்நிலை இடத்துக்கு ஆண்டுக்கு 25 லட்சம் என்று போட்டால், இருப்பதில் மலிவான வங்கிக் கணக்கிலேயே ஆறரை வருட முடிவில் நிற்பது ஒரு கோடியே 81 லட்சம். மாதத் தவணை 1.95 லட்சத்துக்குப் பக்கத்தில். தமிழ்நாடு அரசு உதவி மருத்துவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இங்கே எந்தக் கடன் நல்லது என்று ஒப்பிட ஒன்றும் இல்லை. விற்கச் சொத்து இருந்து, விற்க மனமும் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் இன்னொரு வருடம் நீட் எழுத ஆகும் செலவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பயிற்சி மையம், விடுதி எல்லாம் சேர்த்தாலும் அது இந்தக் கடனின் சில மாதத் தவணைதான்.