பழம்பொருள் சந்தையில் பிலிம் கேமரா: பென்டாக்ஸ் கே1000-ஆ, கேனான் ஏஇ-1-ஆ?

நகரங்களின் பழம்பொருள் சந்தைகளில் பிலிம் கேமரா தேடுவோர் கண்ணில் அடிக்கடி படுபவை பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 ஆகிய இரண்டும். இரண்டுமே 1976-இல் வெளிவந்த 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராக்கள் (லென்ஸ் வழியே வரும் காட்சியையே உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் பார்த்துப் படமெடுப்பவை). நான் வாங்கியது கே1000 என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே செல்லும்.

வசதிகளில் ஏஇ-1 முந்துகிறது. ஷட்டர் வேகத்தை (பிலிம் மீது ஒளி விழும் நேரத்தை) நாம் தேர்ந்தெடுத்தால், லென்ஸ் துவாரத்தின் அளவை அதுவே அமைத்துக்கொள்ளும். கே1000-இல் செல்ஃப் டைமர்கூடக் கிடையாது.

ஆயினும், விற்ற பொருளைத் திரும்பப் பெறாத சந்தையில், மின்சாரமின்றி இயங்குமா என்ற கேள்வியே எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. ஏஇ-1-இன் ஷட்டர் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவதால், 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. தரையில் துணி விரித்து விற்பவரிடம் அந்த பேட்டரி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. நாமே எடுத்துச் சென்றாலும், பேட்டரி அறையின் பிளாஸ்டிக் மூடி உடைந்திருப்பது இந்த மாடலில் சகஜம். மின்சுற்று பழுதாகியிருந்தால், இன்னொரு பழைய ஏஇ-1-ஐப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டியிருக்கும்.

கே1000-இல் பேட்டரி, ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானிக்கு மட்டுமே தேவை. ஷட்டர் முழுவதும் சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் இயங்குகிறது. எனவே வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, ஒரு வினாடி வேகத்தில் ஷட்டரை இயக்கிப் பார்க்க வேண்டும். பாதியில் நின்றாலோ இழுத்துக்கொண்டே போனாலோ உள்ளே மசகு இறுகியிருக்கக் கூடும், அதைச் சுத்தம் செய்யும் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். பிறகு 1/1000 வினாடி வேகத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கையில், படச்சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டே இருந்தால், ஷட்டரின் துணித்திரைகள் இரண்டும் ஒரே சீராக ஓடவில்லை என்று பொருள். அப்படிப்பட்டதை நான் வாங்க மாட்டேன்.

ஏஇ-1-இல் ஷட்டர் கிறீச்சிடும் ஓசை கேட்டால், அதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இயங்கும் பகுதியில் மசகு வறண்டதால் வருவது அது, பழுது நீக்குபவரால் சரிசெய்யக் கூடியது. ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை பிசுபிசுத்துப் போவது இரண்டுக்கும் பொது; மாற்றுவதும் எளிது. லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் தயங்காமல் விலக வேண்டும், ஏனெனில் சுத்தம் செய்த பின்னும் லென்ஸின் மேற்பூச்சில் தடம் தங்கிவிடலாம்.

ஏஇ-1-ஐ நான் நெடுநாள் பயன்படுத்தியதில்லை; அதன் தானியங்கி அளவீடு காலப்போக்கில் எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்பதை அதை வைத்திருப்பவர்களே சொல்ல வேண்டும். கே1000 வாங்குவோர், பிற்காலத்தில் சீனாவில் தயாரான பிளாஸ்டிக் மேல்மூடிப் பதிப்பை விட, முகப்பில் 'அசாஹி' என்று பொறித்த பழைய உலோகப் பதிப்பைத் தேடுவது நல்லது. கேமராவின் உடல் என்றேனும் கைவிட்டாலும், அதன் கே-மவுண்ட் (பென்டாக்ஸின் லென்ஸ் பொருத்தும் அமைப்பு) லென்ஸைப் பென்டாக்ஸின் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் பொருத்திக் கையால் குவியப்படுத்திப் படமெடுக்கலாம். ஏஇ-1-இன் எஃப்டி வகை லென்ஸோ கேனானின் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் நேரடியாகப் பொருந்தாது.