ஹிர்ஷ்கார்ட்டன்: சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், பீர் மட்டும் அங்கே

மியூனிக்கில் கோடைச் சனி ஞாயிறுக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஹிர்ஷ்கார்ட்டன் பியர்கார்டன்தான், அதாவது மரநிழலில் திறந்தவெளியில் உட்கார்ந்து பீர் குடிக்கும் தோட்டம். ஊர் நடுவில் பேண்ட் வாத்தியம் முழங்கும் புகழ்பெற்ற ஹாலை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், இங்கிலீஷ் கார்டனில் சீனக் கோபுரத்தடியில் இருக்கும் தோட்டம் அழகுதான் என்றாலும் அங்கே பாதிப் பேர் போட்டோ எடுக்க வந்தவர்கள். ஹிர்ஷ்கார்ட்டனுக்கு வருகிறவர்கள் உட்கார வருகிறார்கள். சுமார் 8,000 இருக்கைகள், தலைக்கு மேல் முழுக்கக் கஷ்கொட்டை மரங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள், மரப்பீப்பாயிலிருந்து ஊற்றும் ஆகுஸ்டினர் பீர், எல்லாவற்றுக்கும் மேல் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோய் அங்கேயே பிரித்துவைத்துச் சாப்பிடலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நம் ஆட்களிடம் சொன்னால் நம்புவதே இல்லை. உணவகத்துக்குள் டிபன் பாக்ஸைத் திறந்தால் துரத்திவிடுவார்களே என்பார்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இது சலுகையே இல்லை, உரிமை, அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1553-லிருந்து இங்கே ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை இருந்தது. காய்ச்சும் அடுப்பால் வெயில் காலத்தில் தீப்பிடிக்கும், சூட்டில் பீரும் கெட்டுப்போகும். அதனால் மார்ச்சுக்குள் காய்ச்சிய பீரை நிலவறைகளில் பனிக்கட்டி போட்டு வைத்தார்கள், அறைக்கு மேலே மண்ணில் வெயில் படாமலிருக்கக் கஷ்கொட்டை மரம் நட்டார்கள், ஏனென்றால் அதன் வேர் ஆழமாகப் போய் நிலவறையைப் பிளக்காது, இலையோ பெரியது. மேலே நிழல், கீழே குளிர்ந்த பீர் என்றானதும் ஜனங்கள் அங்கேயே வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்கள், ஊருக்குள் விடுதி நடத்தியவர்கள் எங்கள் பிழைப்பு போகிறதே என்று கத்தினார்கள், 1812-ல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசேஃப் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு சொன்னார்: பீர் விற்கலாம், ரொட்டி விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது. அப்புறம் என்ன, ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். விற்பனைத் தடை எப்போதோ போய்விட்டது, கட்டிக்கொண்டு வரும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 1999-ம் வருட பியர்கார்டன் ஆணையின் விளக்கத்தில்கூட, சொந்தச் சாப்பாட்டை அனுமதிப்பது பியர்கார்டனின் அடையாளம் என்று இருக்கிறது.

ஆனால் ஒரு கண்டிஷன். மேசையில் துணி விரித்திருந்தால் அது பரிமாறுகிற பகுதி, அங்கே சர்வர் வருவார், அங்கே உங்கள் பாக்ஸைத் திறக்கக் கூடாது. வெறும் மர மேசை, மர பெஞ்ச் இருக்கும் செல்ஃப் சர்வீஸ் பக்கம்தான் நமக்கு. குடிக்க எதையும் வெளியிலிருந்து கொண்டு போகக் கூடாது, தண்ணீர் பாட்டிலைக் கண்டும் காணாமல் விடுவார்கள், அவ்வளவுதான்.

என்ன கட்டிக்கொண்டு போவது என்பதில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. தயிர் சாதம் வேண்டாம். பீருக்கும் தயிருக்கும் ஆகவே ஆகாது, இரண்டும் புளிப்பும் குளிர்ச்சியுமாக வயிற்றில் சண்டை போடும். மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவல், தேங்காய் போடாத சுண்டல், மசாலா கடலை, மெதுவடை ஆறிப்போனாலும் பரவாயில்லை. இவையெல்லாம் ஹெல்லஸ் என்ற இந்த ஊர் வெளிர் பீருக்கென்றே செய்தது போலப் பொருந்துகின்றன. அந்த பீரில் கசப்பு குறைவு, மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், லேசான இனிப்பு இருக்கிறது, காரத்தை அது அணைக்கிறது. கசப்பு ஏறிய ஐபிஏ வகையோடு காரம் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து நாக்கை இன்னும் எரிய வைக்கும்.

சரி, பீருக்கு வருவோம். முதலில் கண்ணாடி மக்கை நீங்களே அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் நீங்களே அலச வேண்டும். சிலருக்கு இது சங்கடமாக இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது, மக் சுத்தமா என்ற சந்தேகம் இல்லை, குளிர்ந்த ஈரக் கண்ணாடியில் நுரையும் ஒழுங்காக நிற்கும். அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் ஊற்றித் தருவார்கள். ஒரு மாஸ் என்றால் ஒரு லிட்டர், விலை இப்போது பத்து யூரோவுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மனியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கேட்க வேண்டியது மரப்பீப்பாயிலிருந்து வரும் எடெல்ஸ்டாஃப். ஆகுஸ்டினரின் சாதாரண ஹெல்லஸை விட இது கொஞ்சம் கனமானது, ஆல்கஹால் 5.6 சதவீதம், ஹெல்லஸ் 5.2. பாட்டிலில் கடையில் வாங்கினால் ஒரு யூரோ சில்லறைக்கு இதே எடெல்ஸ்டாஃப் கிடைக்கும், அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்கலாம். குடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பீர் என்று சொல்ல மனசு வராது. சாதாரணக் குழாயில் கரியமில வாயுவை உள்ளே அழுத்தித்தான் பீரை வெளியே தள்ளுகிறார்கள், மரப்பீப்பாயில் அது இல்லை, பீப்பாய் உயரத்தில் இருக்கிறது, குழாயைத் திறந்தால் தன் எடையிலேயே இறங்குகிறது. அதனால் நாக்கில் குத்துகிற வாயு குறைவு, மிருதுவாக, கிட்டத்தட்ட வழுவழுப்பாக இறங்கும். மர வாசனை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பீப்பாயின் உட்புறம் பிசின் பூசியிருக்கும், பீர் மரத்தைத் தொடுவதே இல்லை. பீர் இறங்க இறங்க உள்ளே காற்று புகுவதால் திறந்த பீப்பாயைச் சீக்கிரம் காலி செய்தாக வேண்டும். எனவே கூட்டம் உங்களுக்கு நல்லது. வெயிலடிக்கும் சனிக்கிழமை மதியம் 200 லிட்டர் பீப்பாய் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்து அடுத்தது ஏறும், அந்த நேரத்து மாஸ்தான் மாஸ்.

இதெல்லாம் சின்ன ஆலைகள் கைவினையாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீரா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆகுஸ்டினர் 1328-லிருந்து இருக்கிறது, மியூனிக்கின் மிகப் பழைய பீர் ஆலை, சின்ன ஆலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்பாட்டன், லோவென்ப்ராய் ஆலைகள் பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்ட ஊரில், இதன் பெரும்பங்கு ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது, விளம்பரம் என்று ஒன்று செய்வதே இல்லை. மாம்பழம், வெனிலா, காப்பிக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சினால்தான் கைவினை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தண்ணீர், மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் மட்டும் வைத்துக்கொண்டு ஒளிய இடமே இல்லாமல் ஒரு ஹெல்லஸ் செய்வது கஷ்டமான வேலை, சின்னப் பிசகும் நாக்கில் தெரிந்துவிடும்.

இல்லை, எனக்குப் புதிய தலைமுறை சின்ன ஆலைதான் வேண்டும் என்றால் அதே வார இறுதியில் மியூனிக்கின் கீஸிங் பகுதிக்குப் போய் கீஸிங்கர் ப்ராய் ஆலையில் எர்ஹெல்லுங் என்ற பீரைக் குடியுங்கள். 2006-ல் ஒரு கராஜில் ஆரம்பித்தது, பொதுமக்களிடம் பணம் திரட்டி 2014-ல் சொந்த ஆலை கட்டினார்கள். அப்புறம் ஊரின் வடக்கே இரண்டாவது ஆலை, அங்கே ஆழ்கிணறு தோண்டினார்கள், ஏனென்றால் நகர எல்லைக்குள் நிலத்தடி நீர் எடுத்துக் காய்ச்சினால்தான் மியூனிக் பீர் என்று சட்டப்படி பெயர் போட முடியும். இவ்வளவு செய்தும் மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டில் பழைய ஆறு ஆலைகளுக்குத்தான் இடம். எர்ஹெல்லுங் வடிகட்டாத ஹெல்லஸ், லேசாகக் கலங்கல், ரொட்டி வாசனை, ஆகுஸ்டினரை விடக் கொஞ்சம் முரடு. எனக்குப் பிடிக்கும். ஆனால் மரநிழல் விஷயத்தில் ஹிர்ஷ்கார்ட்டனோடு போட்டிக்கு வர முடியாது.

கட்டிக்கொண்டு போக சோம்பலாக இருந்தால் அங்கேயே வாங்கலாம். ஒபாட்ஸ்டா கண்டிப்பாக: பழுத்த காமம்பேர் சீஸை வெண்ணெய், மிளகாய்ப்பொடி மாதிரி இருக்கும் பாப்ரிகா, சீரகத்தின் சொந்தக்காரனான கேரவே, வெங்காயம் எல்லாம் போட்டுப் பிசைந்தது, முடிச்சு மாதிரி இருக்கும் ரொட்டியான பெரிய ப்ரெட்ஸலைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஒரு ப்ரெட்ஸல் இரண்டு பேருக்குத் தாராளம். வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவித் தருவார்கள், உடனே சாப்பிடாமல் கொஞ்சம் தண்ணீர் விடும்வரை பொறுங்கள், காரம் அடங்கி இனிப்பு வரும். அரைக் கோழி வறுவல் நன்றாக இருக்கிறது, தோல் மொறுமொறு, உப்பு கூடுதல், பீர் விற்க வேண்டுமே. கானாங்கெளுத்தியைக் குச்சியில் குத்திக் கரியில் சுடும் ஷ்டெக்கர்ல்ஃபிஷ் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி, எலுமிச்சையும் கையோடு கொண்டுபோன மிளகாய்த்தூளும் போட்டால் சொல்லவே வேண்டாம். விலைப்பலகையை மட்டும் சரியாகப் படியுங்கள், இந்த மீனுக்குப் பெரும்பாலும் 100 கிராமுக்கு என்றுதான் விலை எழுதியிருப்பார்கள், முழு மீன் அதைப் போலப் பல மடங்கு.

சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு சாலட் என்று நம்பி வாங்காதீர்கள், பவேரிய முறையில் அதில் பல இடங்களில் மாமிசச் சாறு ஊற்றுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சீஸ் போட்ட ஷ்பேட்ஸ்லே (முட்டை சேர்த்த நூடுல்ஸ் மாதிரி) கிடைத்தால் பசிக்கு அது போதும், இல்லையென்றால் ஒபாட்ஸ்டாவும் உங்கள் சுண்டலும்.

அளவு விஷயத்தில் வாயைத் திறந்து கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊரின் வேறொரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், எனக்கு மக்கில் கால்வாசி நுரையோடு ஒரு மாஸைத் தள்ளினார்கள், கோட்டைக் காட்டியதும் ஊற்றியவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிரப்பித் தந்தார். மக்கில் ஒரு லிட்டர் கோடு இருக்கிறது, நுரை அடங்கிய பிறகு பீர் அதற்குக் கீழே இருந்தால் மேலே ஊற்றச் சொல்வது உங்கள் உரிமை. மியூனிக்கில் குறைத்து ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே தனிச் சங்கம் இருக்கிறது, இவர்கள் இதை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அதிலேயே தெரியும். ஹிர்ஷ்கார்ட்டனில் இதுவரை எனக்கு அந்தச் சண்டை வரவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. செல்ஃப் சர்வீஸ் பக்கம் ஹெல்லஸ் மாஸ் அளவில்தான், அரை லிட்டர் போதும் என்றால் கோதுமை பீரான வைஸ்பியர் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேர் ஒரு மாஸைப் பகிர்ந்துகொள்ளலாம், மெதுவாகக் குடிக்கிறவருக்கு மாஸின் அடிப்பாகம் வெந்நீராகிவிடும். கழிவறை வரிசை பெரியது. கஷ்கொட்டை மரத்திலிருந்து பூ, பூச்சி, ஆகஸ்ட் கடைசியில் காயே கூட மக்கில் விழும். அதற்காகத்தான் பலர் மக்குக்குக் கீழே வைக்கும் அட்டையை மக்கின் மேலே மூடி வைக்கிறார்கள். குளவித் தொல்லை வேறு, எலுமிச்சை சோடா கலந்த இனிப்பான பீரான ராட்லர் குடிக்கிறவர்கள் கவனம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. விளையாட்டு மைதானம் பக்கத்திலேயே, 1780-ல் அப்போதைய ஆட்சியாளர் கார்ல் தியோடர் மான்களுக்காக ஒதுக்கிய இடம் என்பதால் இன்றும் ஒரு வேலிக்குள் மான்கள் இருக்கின்றன, குடிக்காதவர்களுக்குக் கோலாவும் ஆரஞ்சு சோடாவும் கலந்த ஷ்பெட்ஸி, ஆப்பிள் சாறு கலந்த சோடா, ஆல்கஹால் இல்லாத வைஸ்பியர் என்று நிறைய உண்டு. பாட்டு மாதிரி எதுவும் பெரிதாகக் கிடையாது, பேசிக்கொண்டிருக்கலாம். இரவு 10 மணியோடு இசை, 10.30-க்கு விற்பனை, 11-க்கு எல்லாம் முடிய வேண்டும் என்பது சட்டம். 1995-ல் ஒரு தோட்டத்தை ஒன்பதரைக்கே மூட வேண்டும் என்று வந்த உத்தரவை எதிர்த்து இருபதாயிரத்துக்கும் மேல் மக்கள் மியூனிக் தெருவில் இறங்கியதன் பலன்தான் இந்த நேரக் கணக்கு.

கொஞ்சம் நடந்து பசியோடு குடிக்க வேண்டும் என்றால் எஸ் 8 ரயிலில் கடைசி நிறுத்தமான ஹெர்ஷிங் வரை போய், அங்கிருந்து காட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் ஆண்டெக்ஸ் மடம். துறவிகளே நடத்தும் ஆலை, டோப்பல்பாக் என்ற கனமான கறுப்பு பீர் 7.1 சதவீதம், சுவை அபாரம். ஆனால் 30 டிகிரி வெயிலில் அதை ஒரு மாஸ் குடித்துவிட்டு அதே பாதையில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை, அங்கே நான் ஹெல்லஸ்தான் சொல்வேன். இறங்கியதும் அம்மர்ஸே ஏரியில் கால் நனைக்கலாம்.

ஹிர்ஷ்கார்ட்டனுக்கு அதே பெயரில் எஸ்-பான் (புறநகர் ரயில்) நிறுத்தம் இருக்கிறது, கொஞ்ச தூரம்தான் நடை, வார இறுதியில் பாதையில் பராமரிப்பு வேலை நடக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். காரை எடுக்கவே எடுக்காதீர்கள், ஒரு மாஸோடு நிறுத்துவேன் என்று கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். பெரிய குழுவாகப் போகிறீர்கள் என்றால் மதியம் ஒரு மணிக்கு முன்னால் ஒருவர் போய் நீளமான மேசையைப் பிடித்துவிடுங்கள், நான்கு மணிக்கு மேல் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டு இடுக்கில் நுழைவதுதான் வழி. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அதிலும் கையில் வடை டப்பா இருந்தால்.